யூரோப்பாவுக்குப் போன ஆறு பேர்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது ‘யூரோப்பா ரிப்போர்ட்’ படத்தைப் பற்றி இரண்டு வரி சேர்த்திருந்தேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரங்கட்டிவிட்டன. ஆகவே இந்த இதழில் அந்தப் படம் மட்டும்தான். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கம்: 2013-இல் வந்த அமெரிக்கப் படம். இயக்கியவர் எக்வடோர் நாட்டுக்காரரான செபாஸ்டியன் கோர்டெரோ. வியாழனின் நிலாவான யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் உயிர் உண்டா என்று பார்த்துவர ஒரு தனியார் நிறுவனம் ஆறு பேரை அனுப்புகிறது. நடுவழியில் பூமியோடு தொடர்பு அறுந்துபோகிறது. பிறகு கிடைத்த ஒளிப்பதிவுகளை அந்த நிறுவனமே ஆவணப்படமாகத் தொகுத்ததுபோல் கதை சொல்லப்படுகிறது. இனி படிப்பவர்களுக்கு முடிவு உட்பட எல்லாம் தெரிந்துவிடும். அதில் வருத்தப்படுபவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

ஐயா, விமர்சகர்கள் இந்தப் படத்தைப் பாராட்டினார்களா, குறை சொன்னார்களா? தேடினால் இரண்டுமே கிடைக்கிறது.
— ஆர்.எம்., திருச்சி

இரண்டும்தான். பெரும்பாலும் ஒரே விமர்சனத்துக்குள்ளேயே இரண்டும் இருக்கும். முதல் பாதியில் விண்கலத்தின் இடநெருக்கடி, பொறுமையான நடை, அறிவியலுக்குக் கொடுத்த மரியாதை என்று பாராட்டு. ‘ஸ்பேஸ் டாட் காம்’ இணையதளம் ‘மூன்’, ‘2001’ ஆகிய படங்களுக்குப் பிறகு வந்த மிக யதார்த்தமான விண்வெளிப் படங்களில் ஒன்று என்று இதைச் சொன்னது. இரண்டாம் பாதியில் குறைகள்: ஆறு பேரில் யாரும் மனதில் நிற்கவில்லை, கதை முன்னும் பின்னுமாகத் தாவுகிறது, ‘கண்டெடுத்த ஒளிப்பதிவு’ என்ற உத்தி தேய்ந்துபோய்விட்டது. கடைசிக் குறைக்கு ஒரு பின்னணி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 2011-இல், இதே உத்தியில் வந்த ‘அப்பல்லோ 18’ விமர்சகர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்த எரிச்சலின் மிச்சம் இந்தப் படத்தின் தலையிலும் விழுந்தது.

என் கட்சி இது: பாராட்டிய பாதியும் குறை சொன்ன பாதியும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகின்றன. படத்தின் செலவு ஒரு கோடி டாலருக்கும் குறைவு. அந்தப் பணத்தில் நாலைந்து சிறிய அறைகளைத்தான் கட்ட முடியும். அவற்றின் சுவர்களில் கேமராக்களைப் பதித்து, ‘இது கலத்தின் கண்காணிப்புக் கேமரா’ என்று சொல்லிவிட்டார்கள். சுவரில் பதித்த கேமரா யாருக்காகவும் தலையைத் திருப்பாது. ஒருவர் அழும்போது முகத்தருகே நெருங்கிப் போகாது. அவர் பாதி அழுகையில் சட்டகத்தை விட்டுப் போய்விட்டால் காலி நாற்காலியைக் காட்டிக்கொண்டிருக்கும். இதனால்தான் ‘நிஜ ஒளிப்பதிவுபோல் இருக்கிறது’ என்ற பாராட்டு வந்தது. இதனால்தான் ‘பாத்திரங்களோடு ஒட்டவே முடியவில்லை’ என்ற புகாரும் வந்தது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கச் சொல்வது, பாகற்காய்க் குழம்பைக் கசப்பில்லாமல் கேட்பதுதான்.

கால வரிசையைக் குலைத்தது பற்றிய புகாரை மட்டும் நான் முழுமையாக ஏற்கிறேன். ஷார்ல்டோ கோப்லி நடித்த ஜேம்ஸ் என்ற பொறியாளர் இறந்துபோனது நமக்கு முதலில் தெரிகிறது. எப்படி இறந்தார் என்பதை வெகுநேரம் கழித்துத்தான் காட்டுகிறார்கள். ஆவணப்படம் எடுக்கும் நிறுவனம் தன் ஊழியரின் சாவை வைத்து ஒளிந்து பிடித்து விளையாடாது. அந்த இடத்தில் ஆவணப்படம் மறைந்து, திகில் படத்தின் தொகுப்பாளர் வெளியே தெரிந்துவிடுகிறார்.

‘ராட்டன் டொமேட்டோஸ்’ தளத்தில் எண்பது சதவீதம் என்று போட்டிருக்கிறது. அவ்வளவு நல்ல படம் என்றால் தியேட்டரில் ஏன் ஓடவில்லை?
— க. சு., ஈரோடு

எண்பது சதவீதம் என்பது மதிப்பெண் அல்ல. விமர்சனம் எழுதியவர்களில் ஐந்துக்கு நாலு பேர் ‘பரவாயில்லை’ அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்று பொருள். எல்லோருமே ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்று சொன்னாலும் அந்தத் தளத்தில் நூறு சதவீதம் வரும். விமர்சனங்களுக்கு எடை போட்டுச் சராசரி எடுக்கும் ‘மெட்டாக்ரிட்டிக்’ தளத்தில் இதே படம் எழுபதைத் தொடவில்லை. அந்தக் கணக்குத்தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது: மதித்தார்கள், கொண்டாடவில்லை.

தியேட்டர் விஷயம் வேறு. படம் 2013 ஜூன் கடைசியில் முதலில் வீட்டிலிருந்து கட்டணம் கட்டிப் பார்க்கும் முறையில் வெளியானது. ஆகஸ்ட் 2-ஆம் தேதிதான் அமெரிக்காவில் மிகச் சில தியேட்டர்களுக்கு வந்தது. அங்கே வசூல் ஒன்றேகால் லட்சம் டாலர் அளவில் நின்றுவிட்டது. முதலில் வீட்டிலும் பிறகு தியேட்டரிலும் விற்ற சரக்குக்குத் தியேட்டர் வசூலை மட்டும் எடுத்துக்கொண்டு ‘தோல்வி’ என்று எழுதியவர்களைப் பார்த்தேன். வாசலில் விற்ற டிக்கெட்டை மட்டும் எண்ணினால் கணக்கு அப்படித்தான் வரும்.

ஹைட்ரஸீன் காட்சி உண்மையில் நடக்கக்கூடியதா? அல்லது கண்ணீருக்காகச் செய்த ஏற்பாடா?
— ஜெ. பி., வள்ளியூர்

பாளையங்கோட்டையில் வேதியியல் பாடம் எடுத்தே தலை நரைத்தவன் நான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

காட்சியை நினைவுபடுத்துகிறேன். தொடர்புக் கருவியைப் பழுது பார்க்க ஜேம்ஸும் சக பொறியாளர் ஆந்திரெயும் கலத்துக்கு வெளியே போகிறார்கள். ஆந்திரெயின் உடுப்பு கிழிகிறது. ஜேம்ஸின் உடுப்பு முழுக்க ஹைட்ரஸீன் என்ற நச்சு எரிபொருள் தெறித்துப் படிந்துவிடுகிறது. அதோடு உள்ளே வந்தால் கலத்தின் காற்று நஞ்சாகும். உடுப்பைக் கழற்றிவிட்டு வந்துவிடலாம் என்று வழி தேடுவதற்குள் ஆந்திரெ ஆக்சிஜன் இல்லாமல் மயங்குகிறார். ஜேம்ஸ் அவரை வாசலை நோக்கித் தள்ளிவிடுகிறார். தள்ளிய விசைக்கு எதிர்விசையாக அவரே கலத்தை விட்டு விலகிப் போய்க்கொண்டே இருக்கிறார். வில்லன் இல்லை, வெடிப்பு இல்லை. நியூட்டனின் மூன்றாம் விதி ஒரு மனிதனைக் கொல்வதை இவ்வளவு நிதானமாக வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

இப்போது வேதியியல். ஹைட்ரஸீன் நிறமில்லாத திரவம். அம்மோனியா போன்ற நெடி. மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். செயற்கைக்கோள்களைத் திருப்பும் சின்ன உந்துபொறிகளில் எரிபொருளாகப் பயன்படுகிறது. கல்லூரி ஆய்வகத்தில் நாங்கள் வைத்திருந்தது தண்ணீரோடு சேர்ந்த ஹைட்ரஸீன் ஹைட்ரேட், சற்றுச் சாதுவான வடிவம். அந்தப் புட்டியையே, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃப்யூம் கப்போர்டுக்கு வெளியே திறக்க யாரையும் விட்டதில்லை. நீங்கள் வள்ளியூர்க்காரர்; உங்கள் பக்கத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் விகாஸ் ராக்கெட் எஞ்சினின் எரிபொருளில் கால் பங்கு இந்த ஹைட்ரேட்தான். அதைக் கையாளும் ஊழியர்கள் தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில்தான் அருகே போவார்கள்.

விண்வெளியில் இதற்கு நெருங்கிய ஒரு நிகழ்ச்சி நடந்திருக்கிறது. 2001 பிப்ரவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ‘டெஸ்டினி’ ஆய்வுக்கூடத்தைப் பொருத்தும்போது குளிரூட்டும் குழாயிலிருந்து அம்மோனியா பீறிட்டு, ராபர்ட் கர்பீம் என்ற வீரரின் உடுப்பில் பனித் துகளாகப் படிந்தது. அவரை உடனே உள்ளே விடவில்லை. வெயிலில் நிற்க வைத்தார்கள். கூட இருந்த தாமஸ் ஜோன்ஸ் தூரிகையால் துகளைத் தட்டிவிட்டார். பிறகு நுழைவறையில் காற்றை நிரப்பி, வெளியேற்றி, அதன் பிறகே கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் முன்னெச்சரிக்கையாக ஆக்சிஜன் முகமூடி அணிந்திருந்தார்கள்.

‘அப்படியானால் ஜேம்ஸையும் வெயிலில் காயவைத்திருக்கலாமே’ என்பீர்கள். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஹைட்ரஸீன் கொதிக்க 114 டிகிரி வேண்டும், 2 டிகிரியிலேயே உறைந்துவிடும். வெற்றிடத்தில் அதுவும் ஆவியாகும், ஆனால் மெதுவாக. போதாக்குறைக்கு உறைந்து உடுப்பின் மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். வியாழனை நோக்கிப் போகப் போக வெயிலும் மெலிந்துகொண்டே வரும். வியாழன் அருகே அது பூமியில் இருப்பதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. கூட இருப்பவருக்கோ மூச்சுக் காற்று நிமிடக் கணக்கில். ஆக, காட்சி நிற்கிறது. திரைக்கதை எழுதியவர் வேதியியல்காரரிடம் கேட்டு எழுதியிருக்கிறார், அல்லது அவருக்கே மூளை இருக்கிறது.

குடும்பத்தோடு பார்க்கலாமா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

ஆபாசம் இல்லை. ஆனால் என் மனைவி படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே கேட்டாள்: “இவர்கள் எப்போதுதான் அங்கே போய்ச் சேருவார்கள்?” உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்பார் என்பதைப் பொறுத்தது.

அதே ஆண்டில் வந்த ‘கிராவிட்டி’ ஏழு ஆஸ்கர் வாங்கியது. இதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. இது அநியாயம் இல்லையா?
— வெ. நா., சேலம்

அநியாயம் என்று சொல்ல மாட்டேன். ‘கிராவிட்டி’ கண்ணுக்கும் காதுக்கும் செய்த வேலைக்கு அந்தப் பரிசுகள் தகும். அதை ‘யதார்த்தம்’ என்று எழுதியவர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஹப்பிள் தொலைநோக்கி பூமியை நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வில் சுற்றுகிறது. விண்வெளி நிலையம் 51.6 டிகிரி சாய்வில், அதைவிடத் தாழ்வில் சுற்றுகிறது. அந்தப் படத்தில் காட்டுவதுபோல் முதுகில் கட்டிய சிறு உந்துபொறியோடு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது நடக்காத காரியம். வானியலாளர் நீல் டிகிராஸ் டைசன் அந்தப் படத்தின் பிழைகளை வரிசையாகச் சுட்டிக்காட்டியது அப்போது பெரிய செய்தி. அதே டைசனின் பழைய பேச்சு ஒன்று ‘யூரோப்பா ரிப்போர்ட்’ படத்துக்குள் வருகிறது. இதை எத்தனை பேர் கவனித்தார்களோ.

செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘கிராவிட்டி’க்குப் பத்துக் கோடி டாலர். 2013 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நிஜமாகவே செவ்வாய்க்குக் கிளம்பிய மங்கள்யானுக்கு ஆன 450 கோடி ரூபாய் அதைவிடக் குறைவு. பிரதமரே மறு ஆண்டு அங்கே நின்று இதைச் சொன்னார். ‘யூரோப்பா ரிப்போர்ட்’ இரண்டுக்கும் கீழே எங்கோ இருக்கிறது. பணம் இல்லாததை அவர்கள் எங்கெங்கே சாமர்த்தியமாக மறைத்தார்கள் என்று பார்ப்பது எனக்குப் படத்தைவிடச் சுவாரசியம். கலத்தின் குடியிருப்புப் பகுதி சுழல்கிறது. சுழற்சியால் செயற்கை ஈர்ப்பு. அறிவியல்படி அது சரி. கூடவே நடிகர்களைக் கயிற்றில் தொங்கவிடும் செலவும் மிச்சம். அரங்கத்தை வடிவமைத்த யூஹெனியோ கபயேரோ ‘பான்ஸ் லேபிரிந்த்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஒரு விசையைப் பார்த்தால்கூட யாரோ தினமும் கைவைத்துத் தேய்ந்ததுபோல் இருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். யூரோப்பாவில் ஈர்ப்பு பூமியில் ஏழில் ஒரு பங்குதான். அறுபது கிலோ ஆள் எட்டுக் கிலோபோல் இருப்பார். தரையிறங்கிய கலத்துக்குள் நம் வீட்டுக் கூடத்தில் நடப்பதுபோல் நடக்கிறார்கள். அந்த இடத்தில் காசு தீர்ந்துவிட்டது.

கடைசியில் அந்தப் பிராணியைக் காட்டியது படத்தைக் கெடுத்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். உங்கள் கருத்து?
— சி. த., யாழ்ப்பாணம்

கெடுத்துவிட்டது என்ற அணி ஒன்று, அதற்காகவே படம் என்ற அணி ஒன்று. நான் காட்ட வேண்டும் என்ற அணி. மற்ற எல்லோரும் இறந்துபோய், கலம் பனியை உடைத்துக்கொண்டு மூழ்கும்போது, விமானி ரோசா நுழைவறைக் கதவைத் திறந்து தண்ணீரை உள்ளே விடுகிறார். தப்பிக்க அல்ல, தண்ணீரோடு சேர்ந்து வருவது கேமராவில் விழட்டும் என்று. பதிவு பூமிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. படம் முழுக்க நாம் பார்த்தது தரவு சேகரிக்கும் மனிதர்களை. கடைசித் தரவை நமக்கு மறைத்தால் அது கலை நுணுக்கம் அல்ல, கஞ்சத்தனம். ரோசாவாக நடித்த அனாமரியா மாரிங்கா அந்த இடத்தில் பயத்தை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. துணிச்சலாகவும் நடிக்கவில்லை. பாத்திரங்கள் மனதில் நிற்கவில்லை என்றவர்கள் அந்த முகத்தை இன்னொருமுறை பார்க்கலாம்.

என் ஆட்சேபணை உருவத்தின்மீது. ஒளிரும் கைகள், கணவாய்மீன் சாயல். சூரியனே எட்டாத கடலில் வளர்ந்த உயிர் ஏன் நம் தூத்துக்குடிக் கடல் பிராணிபோல் இருக்க வேண்டும்? ஒளிர்கிறது என்றால் பார்ப்பதற்குக் கண் உள்ள வேறு உயிர்களும் அங்கே வேண்டும். அதைப் பற்றி ஒரு வசனம்கூட இல்லை.

மெதுவான விண்வெளிப் படங்களை விமர்சகர்களுக்கு எப்போதுமே பிடிக்காதா?
— ப. கோ., புதுச்சேரி

இன்று எல்லோரும் தலையில் வைத்துக் கொண்டாடும் ‘2001’ படமே 1968-இல் நியூயார்க்கில் அடிபட்டது. நியூயார்க் டைம்ஸின் ரெனாட்டா அட்லருக்கு அது மயக்கத்துக்கும் மகா அலுப்புக்கும் நடுவில் எங்கோ இருந்தது. இன்னொரு விமர்சகர் பாலின் கேல் அதைக் கற்பனை வறட்சியின் சிகரம் என்கிற ரீதியில் எழுதினார். முதல் காட்சிகளுக்குப் பிறகு இயக்குநர் கூப்ரிக்கே பத்தொன்பது நிமிடங்களை வெட்டினார். அந்தப் படத்தைத் தூக்கி நிறுத்தியது இளைஞர் கூட்டம். ‘யூரோப்பா ரிப்போர்ட்’ அந்த உயரத்துப் படம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு அந்தத் திமிர் இல்லை. 2009-இல் ஐம்பது லட்சம் டாலரில் டங்கன் ஜோன்ஸ் எடுத்த ‘மூன்’ படத்தை விமர்சகர்கள் உடனே தூக்கிப் பிடித்தார்களே. அதற்கு ஹியூகோ விருதும் கிடைத்தது. நாயகன் சாம் ராக்வெல்லின் முகத்தை விட்டு அந்தக் கேமரா நகராது. விமர்சகர்களுக்கு மெதுவான நடையில் தகராறு இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு முகம் இருந்தால் போதும்.

தமிழில் இப்படி ஒரு படம் வருமா?
— எம். எஸ்., கோவை

2018-இல் ‘டிக் டிக் டிக்’ வந்தபோது இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்று விளம்பரம் செய்தார்கள். 1963-இலேயே ‘கலை அரசி’யில் வேற்றுக் கிரகத்தார் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போயாயிற்று, எம்.ஜி.ஆரும் பின்னாலேயே போய்விட்டார். பாட்டும் உண்டு. நாலு அறை, ஆறு நடிகர்கள், ஒரு நல்ல வேதியியல் ஆலோசகர் போதும் என்பதுதான் நாம் பேசும் படம் காட்டிய கணக்கு. ஆலோசகர் வேலைக்கு நான் தயார். சம்பளம் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

யூரோப்பாவில் ஒரு பெண் இறங்கி நடப்பதாகக் காட்டுகிறார்களே, அது சாத்தியமா? இந்தப் படத்துக்குப் பிறகு அறிவியல் எங்கே வந்து நிற்கிறது?
— ந. அ., நாகர்கோவில்

காட்யா என்ற விஞ்ஞானி பனியின்மேல் தனியாக நடந்து மாதிரி எடுக்கப் போகும் காட்சிதான் படத்திலேயே எனக்குப் பிடித்தது. தூரத்தில் ஒரு நீல ஒளி. திரும்பி வா என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் என்கிறாள். ஆய்வகத்தில் அந்த ‘இன்னும் கொஞ்சம்’ என்ற குரலை நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் வியாழனின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் யூரோப்பாவின் தரையை ஓயாமல் தாக்குகின்றன. கதிர்வீச்சு அளவு நாளுக்கு ஏறக்குறைய 5.4 சீவர்ட். ஒரே நாளில் அவ்வளவு வாங்கினால் மருத்துவம் இல்லாத மனிதர் பிழைப்பது அரிது. படத்தில் கதிர்வீச்சைப் பற்றிப் பேச்சு வருகிறது, எச்சரிக்கையும் வருகிறது. இருந்தாலும் உண்மை அதைவிடக் கொடியது. ‘அறிவியல் துல்லியம்’ என்று எழுதிய விமர்சகர்களில் பெரும்பாலானவர்கள் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கவில்லை என்று சந்தேகிக்கிறேன்.

அறிவியல் பக்கம்: படம் வந்து சில மாதங்களில், 2013 டிசம்பரில், யூரோப்பாவின் தென்துருவத்தருகே நீராவி பீறிடுவதற்கான அடையாளம் ஹப்பிள் பதிவுகளில் தெரிந்ததாக அறிவித்தார்கள். அது இன்னும் ஐயமற உறுதியாகவில்லை. நாசாவின் ‘யூரோப்பா கிளிப்பர்’ விண்கலம் 2024 அக்டோபர் 14-ஆம் தேதி புளோரிடாவிலிருந்து கிளம்பியிருக்கிறது. 2030 ஏப்ரலில் வியாழனை அடைந்து, யூரோப்பாவை 49 முறை ஒட்டிப் பறந்துபோகும். நிலாவையே சுற்றிக்கொண்டிருந்தால் அந்தக் கதிர்வீச்சில் கருவிகள் சீக்கிரம் செத்துவிடும் என்பதால் வியாழனைச் சுற்றியபடி வந்து வந்து பார்த்துவிட்டு ஓடும் ஏற்பாடு. மின்னணுக் கருவிகளைத் தடித்த உலோகப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறார்கள். மனிதர் யாரும் இல்லை. இறங்குவதும் இல்லை.

அடுத்த இதழில் வழக்கம்போல் எல்லாக் கேள்விகளும் உண்டு. ஆவக்காயில் ஏன் நுரை வருகிறது என்று கேட்ட அரக்கோணம் அம்மையார் பொறுத்துக்கொள்ளவும். பதில் எழுதி வைத்திருக்கிறேன்.